வரியை வாங்கிக்கொள்ளுங்கள்: குமரி மாவட்ட ஊர்க் கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரி மாவட்டத்து ஊர்க் கமிட்டிகள், கோயில் நிர்வாகக் குழுக்கள், பங்குப் பேரவைகள், ஜமாஅத் நிர்வாகங்கள் ஆகியவற்றின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும்,

ஓர் ஊர்க் கமிட்டியின் நீளவாட்டு மினிட் புத்தகம். நீலக்கோடு போட்ட தாள். தீர்மானம் எண் 4: "திருவிழா இரவில் மைக்கைப் பிடுங்கிப் பேசி ஊருக்கு அவமானம் உண்டாக்கிய மேற்படியாரின் மகனை நாற்பத்தொரு நாள் கொண்டுவைத்துப் பேய் நீக்கி வரவேண்டியது. அபராதம் ரூ. 25,000. இரண்டும் முடியும்வரை அந்த வீட்டில் வரி வாங்குவதில்லை. அவர்களோடு கொடுக்கல் வாங்கல் வைப்போருக்கு ரூ. 2,000 அபராதம்." கீழே பதினொரு கையெழுத்து, ஒரு ரப்பர் ஸ்டாம்ப்.

அந்த மகன் இருமுனை மனநோய்க்கு லித்தியம் சாப்பிட்டு வந்தவர். கொண்டுவைத்த இடத்தில் உப்பில்லாப் பத்தியம், ஒருநேரச் சாப்பாடு. மாத்திரை கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தாய்க்கு மனசு கேட்கவில்லை, முந்தானையில் முடிந்துகொண்டுபோய் ஒளித்துக் கொடுத்தார். உடம்பில் உப்பும் தண்ணீரும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். அதே மாத்திரை, அதே அளவு, ஆனால் இரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். லிட்டர் இரத்தத்துக்கு 0.6 முதல் 1.2 மில்லிமோல் வரை இருந்தால் மருந்து, 1.5ஐத் தாண்டினால் நஞ்சு. கை உதறும், வாந்தி பேதி வரும், நடை தள்ளாடும், நாக்குக் குழறும். அங்கே இருந்தவர்கள் அதைப் பார்த்து, பேய் இறங்குகிறது என்றார்கள். ஆள் பிழைத்தது தாயின் சந்தேகத்தால்.

எந்த ஊர், எந்த மதம் என்று எழுதப்போவதில்லை. மூன்று மதத்து ஊர்களிலும் இதே தீர்மானத்தை வெவ்வேறு கையெழுத்தில் பார்க்கிறோம். மனநலப் பணியிலும் சட்ட உதவியிலும் இருக்கிற நாங்கள் இந்த மடலைப் பொதுவில் வைக்கக் காரணம் ஒன்றுதான். வைத்தியத்தையும் தண்டனையையும் ஒரே தீர்மானத்தில் எழுதுகிறீர்கள். பூசை, நேர்ச்சை, ஓதிப்பார்த்தல் இவையெல்லாம் நோயாளியை ஊரோடு சேர்க்க வந்தவை. அவற்றை ஊரைவிட்டு அகற்றுகிற ஆயுதமாக்கிவிட்டீர்கள்.

ஊர் விலக்கு எப்படி வேலை செய்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனாலும் வரிசையாக எழுதிப் பார்க்கவேண்டும். முதலில் வீட்டுக்கு வீடு வாங்கும் தலைக்கட்டு வரியை அந்த வீட்டில் வாங்க மாட்டீர்கள். ரசீது இல்லையென்றால் வரிப் புத்தகத்தில் பெயர் இல்லை. பெயர் இல்லாத வீட்டுக்குச் சமுதாயக்கூடமும் நாற்காலியும் சமையல் வார்ப்பும் கிடையாது. கோயில் ஊராக இருந்தால் கொடை அன்று பிரசாதம் அந்த வாசலைத் தாண்டிப் போகும். பங்கு ஊராக இருந்தால் கல்யாணத்துக்கு ஓலை வாசிக்க மாட்டார்கள். ஜமாஅத் என்றால் நிக்காஹ் பதிவேடு திறக்காது. கடற்கரையில் வள்ளம் இறக்க முடியாது, பிடித்த மீனை ஏலத்தில் எடுக்க ஆள் வராது. கடைசியில் சுடுகாடு, கல்லறைத் தோட்டம், மையவாடி.

இவற்றில் எதையும் நோயாளி உணர்வதில்லை. மைக்கைப் பிடுங்கியவருக்குச் சமுதாயக்கூடம் எதற்கு? முழு எடையும் அவரைப் பார்த்துக்கொள்பவர் மீதுதான் விழும். மாதம் ஒருமுறை அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்கப் போகவேண்டும். முன்பு பக்கத்து வீட்டு ஆட்டோ வந்தது, இப்போது ரூ. 2,000க்குப் பயந்து வருவதில்லை. முன்பு தாய் சந்தைக்குப் போனால் எதிர்வீட்டு அக்கா ஒரு கண் வைத்திருப்பாள், இப்போது கதவைச் சாத்திக்கொள்கிறாள். ஒரு மாதம் மாத்திரை தவறும். ஒன்றிரண்டு மாதத்தில் நோய் திரும்பும். தெருவில் சத்தம் கேட்கும். உடனே கமிட்டியில் ஒருவர் எழுந்து, "பாத்தியளா, நாங்க அண்ணைக்கே சொன்னோம்லா" என்பார். நோயை வளர்த்தது அந்தத் தீர்மானம்தான் என்று யாரும் மினிட் புத்தகத்தில் எழுதுவதில்லை.

பேய் என்று கமிட்டி முன்னால் வருபவற்றில் நாங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிற நாலைந்தைச் சொல்கிறோம். தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கடைசிக் குடிக்குப் பின் இரண்டாம் மூன்றாம் நாளில் உடம்பு நடுங்கும், வியர்க்கும், சுவரில் பூச்சி ஊர்வதாகவும் ஆள் நிற்பதாகவும் சொல்வார். இது உயிரைக் குடிக்கிற நிலை, இதில் கட்டிப்போட்டுப் பட்டினி போட்டால் சாவு வரும். பிள்ளை பெற்று இரண்டு வாரத்துக்குள் உறக்கமே இல்லாமல், குழந்தை தன்னுடையது இல்லை என்று பேசும் பெண்ணுக்கு அன்றைக்கே ஆஸ்பத்திரி வேண்டும். வலிப்புக்குப் பின் கால்மணி, அரைமணி நேரம் ஆள் தெரியாமல் உளறுவது வலிப்பின் வால். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் பாட்டி திடீரெனச் செத்தவர்களோடு பேசினால் முதலில் பார்க்கவேண்டியது இரத்தத்தில் சோடியம் என்ற உப்பின் அளவு. இன்னொன்று, அதிகம் ஏமாற்றுவது: ஹாலோபெரிடால் போன்ற மாத்திரை தொடங்கிய முதல் சில நாட்களில் சிலருக்குக் கழுத்து ஒருபக்கம் முறுக்கிக்கொள்ளும், கண் மேலே செருகி நிற்கும். பார்க்கிறவர்கள் நடுங்கிப்போவார்கள். உண்மையில் அது மருந்தின் பக்கவிளைவு, ஓர் ஊசியில் அரைமணி நேரத்துக்குள் தளர்ந்துவிடும். மந்திரவாதிக்கு இந்த ஊசி தெரியாது, அவர் பிரம்பைத்தான் எடுப்பார்.

சடங்கே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கிய 31 நோயாளிகளைப் பெங்களூர் மனநல ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து எழுதியது 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். நோயின் தீவிரத்தை அளக்கும் மதிப்பெண் ஏறக்குறைய 20% குறைந்தது. அங்கே தனியாகக் குணமாக்கும் மந்திரச் சடங்கு எதுவும் இல்லை. வீட்டு ஆள் ஒருவர் கூடவே இருந்தார். காலையில் பூசை, பிறகு கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் விடுவது. அடி கிடையாது, ஏச்சுக் கிடையாது. நோயைக் குறைத்தது அந்த இடத்தின் இயல்புதான் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். சங்கிலியால் கட்டிய இடங்களில் நடந்ததையும் நாம் பார்த்தோம்: 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். அதே ஏர்வாடியில் தர்காவை ஒட்டி இன்று துவாவும் மருந்தும் சேர்ந்து நடக்கின்றன. தர்காவை யாரும் பூட்டவில்லை.

மற்ற நாட்டுச் சடங்குகளை எட்டிப் பார்த்தாலும் இதே விஷயம்தான் கண்ணில் படுகிறது. சாம்பியாவின் இண்டெம்பு மக்களிடம் இகாம்பா என்றொரு வைத்தியச் சடங்கு உண்டு. செத்துப்போன வேட்டைக்காரனின் பல் நோயாளியின் உடம்புக்குள் புகுந்திருப்பதாக நம்பிக்கை. வைத்தியர் பல்லை எடுக்கும்முன் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து நோயாளி மேல் தங்களுக்குள்ள மனக்கசப்பை ஊர்முன் சொல்லவேண்டும். சொல்லாமல் மறைத்தால் பல் வராது. யோசித்துப் பாருங்கள்: அங்கே நோயாளி மட்டுமல்ல, ஊரும் வாய்திறந்து மனக்கசப்பை ஒத்துக்கொள்ளவேண்டும். நம் தீர்மானத்தில் குற்றவாளி நோயாளி மட்டும்.

பெல்ஜியத்தின் கேல் என்ற ஊரில் புனித டிம்ப்னாவின் கோயில் இருக்கிறது. மனநோயாளிகளைக் கொண்டுவந்து ஒன்பது நாள் நவநாள் வைப்பார்கள். இடம் போதாமல் ஊர்க்காரர்கள் வீடுகளில் தங்கவைக்கத் தொடங்கினார்கள். இடைக்காலத்தில் தொடங்கிய பழக்கம் இன்றும் நிற்கவில்லை. 1930களின் இறுதியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் அந்தச் சிறிய ஊரில் வீடுவீடாகக் குடும்பத்தோடு குடும்பமாக வாழ்ந்தார்கள். மருந்தை ஆஸ்பத்திரி பார்த்துக்கொண்டது, மனுஷத் துணையை ஊர் பார்த்துக்கொண்டது. உவரி, புளியம்பட்டி அந்தோணியார் கோயில்களுக்கு வேன் பிடித்துப் போகும் நம் ஊர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது, ஆனால் அதற்குப் பெல்ஜியம் வரை போகவேண்டியதுகூட இல்லை.

சாமித்தோப்பில் முத்திரிக் கிணறு இருக்கிறது. பொதுக்கிணற்றில் வாளி இறக்க முடியாதவர்களும் இறக்க முடிந்தவர்களும் ஒரே கிணற்றுத் தண்ணீரில் குளித்தார்கள், சேர்ந்து உண்டார்கள். தலைப்பாகை கட்டக்கூடாது என்றிருந்தவர்களைத் தலைப்பாகையோடு கும்பிடச் சொன்னார் அய்யா வைகுண்டர். நோய் என்று வந்தவர்களுக்குக் கொடுத்தது மண்ணும் தண்ணீரும். அந்தக் காலத்துத் திருவிதாங்கூர் அரசு அவரைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய்ச் சிறையில் வைத்தது. குணமாக்கும் சடங்கு என்றால் வெளியே நிற்பவனை உள்ளே அழைப்பது என்று இந்த மண்ணில் செய்து காட்டியிருக்கிறார்கள். அந்த மண்ணில் இருந்துகொண்டு நோயாளியை வெளியே அனுப்பத் தீர்மானம் போடுகிறோம்.

இனி தண்டனை. இதிலும் நமக்கு வரலாறு பக்கத்திலேயே இருக்கிறது. சுசீந்திரம் என்ற பெயருக்கே இந்திரன் சுத்தமான இடம் என்று தலபுராணம் பொருள் சொல்லும். அகலிகை விஷயத்தில் கௌதமர் இட்ட சாபம் தீர அவன் கொதிக்கும் நெய்யில் மூழ்கினான் என்பது கதை. கடவுளுக்குக் கழுவாயாக இருந்த அதே நெய், மனிதர்களுக்கு விசாரணையாக மாறியது. ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரிகளைக் கொதிக்கும் நெய்யில் கையை முக்கச் சொன்னார்கள். கைமுக்கு என்று பெயர். வெந்தால் குற்றவாளி. சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் அது நிறுத்தப்பட்டது. பெண்களுக்கு ஸ்மார்த்த விசாரம். தனிக்கொட்டிலில் அடைத்துவைத்து விசாரிப்பார்கள், முடிவில் உதகவிச்சேதம் என்று நீர்க்கடன் உறவை அறுப்பார்கள், கைகொட்டி வெளியே தள்ளுவார்கள். 1905இல் குறியேடத்து தாத்ரி பெயர் சொல்லிச் சாட்சியம் காட்டியதில் 64 ஆண்களும் சாதியைவிட்டு நீக்கப்பட்டார்கள். சடங்கு தன்னைத்தானே தின்ற கதை அது.

கிறிஸ்தவராக மாறிய தேவசகாயம் பிள்ளையை உடம்பில் கரும்புள்ளி செம்புள்ளி குத்தி எருமை மேல் பின்னோக்கி உட்காரவைத்து ஊர்ஊராகக் கொண்டுபோனார்கள் என்று வழிவழியாகச் சொல்கிறோம். 1752இல் காற்றாடிமலையில் கொன்றார்கள். 2022இல் அவர் புனிதர். இன்று நோய் தீர வேண்டி அங்கே மண்டியிடுகிறோம். நம் இசக்கிகளில் எத்தனை பேர் அநியாயமாகச் செத்தவர்கள் என்று வில்லுப்பாட்டுக்காரர்களைக் கேட்டால் விடியும்வரை பாடுவார்கள். தண்டித்துவிட்டுப் பின்னால் பீடம் போடுவது நமக்குப் பழகிப்போனது. முன்னாலேயே நிறுத்திக்கொண்டால் பீடச் செலவு மிச்சம்.

ஊர் என்றால் கட்டுப்பாடு வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். தண்டனைக்கும் எல்லை உண்டு என்பதைத்தான் சொல்லவருகிறோம். ஜப்பானிய கிராமங்களில் முராஹச்சிபு என்ற விலக்கு இருந்தது. ஊர் உறவைப் பத்துப் பங்காக்கி எட்டை அறுப்பார்கள் என்பது அந்தச் சொல்லுக்கு அங்கே வழங்கும் விளக்கம். விடும் இரண்டு பங்கு தீயும் சாவும். விலக்கப்பட்டவன் வீடு எரிந்தால் ஊரே ஓடிவரும், பிணம் விழுந்தால் எடுத்து அடக்கும். இதில் கருணை ஒன்றும் பெரிதாக இல்லை, தீ பக்கத்து வீட்டுக்கும் பரவும், பிணம் நாறும் என்ற கணக்குத்தான். நோய்க்காலத் துணை அறுபட்ட எட்டில் ஒன்று என்பதையும் சொல்லவேண்டும். ஆனாலும் அந்தக் கணக்காவது அவர்களிடம் இருந்தது. நம் மாவட்டத்தில் சுடுகாட்டுச் சாவியையே பேரம் பேசுகிறோம். பழைய ஏதென்சில் ஓட்டுச்சில்லில் பெயர் கீறி ஊரைவிட்டு அனுப்புவார்கள். ஆறாயிரம் சில்லு விழவேண்டும். பத்து வருடம், அதற்குமேல் ஒரு நாள் கிடையாது. சொத்தைத் தொட மாட்டார்கள். உங்கள் தீர்மானத்தில் முடிவுத் தேதி எங்கே? "இரண்டும் முடியும்வரை" என்பது தேதி ஆகாது.

சமோவாத் தீவில் கொடுங்குற்றம் நடந்தால் குற்றம் செய்தவரின் குடும்பம் விடியற்காலையில் பாதிக்கப்பட்டவர் வீட்டு முற்றத்தில் போய் உயர்தரப் பாயால் தலையை மூடி உட்காரும். இஃபோகா என்பார்கள். உள்ளே இருப்பவர்கள் வந்து பாயை விலக்கினால் மன்னிப்பு. எவ்வளவு நேரம் ஆனாலும் அசையாமல் காத்திருக்கவேண்டும். தலைகுனிவு முழுசாக இருக்கிறது. ஆனால் பாயை விலக்க ஒரு கை வரும் என்பதும் அந்தச் சடங்குக்குள்ளேயே இருக்கிறது.

நம் வர்ம ஆசான்களும் இதையே வேறுவிதமாகச் சொல்வார்கள். நூற்றெட்டு வர்மம், அதில் படுவர்மம் பன்னிரண்டு, தொடுவர்மம் தொண்ணூற்றாறு. அடிபட்டவரை மீட்டெடுக்கும் அடங்கலும் இளக்குமுறையும் கைவராத சிஷ்யனுக்கு அடியைச் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்பது களரி மரபு. கமிட்டிகள் அடியை மட்டும் படித்துவைத்திருக்கின்றன.

சட்டத்தையும் ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறோம், பயமுறுத்த அல்ல, நாளைக்குத் தெரியாது என்று சொல்லாமலிருக்க. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 95: மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக்கூடாது. அந்தச் சட்டத்தை மீறினால் பிரிவு 108 படி முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் வரை அபராதம் அல்லது இரண்டும். வீட்டில் ஒரு நோயாளி கொடுமைக்கோ கவனிப்பின்மைக்கோ ஆளாகிறார் என்று நம்பக் காரணம் இருந்தால் காவல் நிலைய அதிகாரி நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்கவேண்டும், அது அவர் கடமை. கட்டப் பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே சொல்லிவிட்டது. பட்டியல் சாதியினர், பழங்குடியினரைப் புறக்கணிப்பது 2015 திருத்தத்துக்குப் பின் தனிக்குற்றம். மகாராஷ்டிரம் 2016இல் ஊர் விலக்குக்கு என்றே சட்டம் போட்டது: மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். தமிழ்நாட்டுக்கும் அப்படியொன்று வரவேண்டுமா என்பது உங்கள் மினிட் புத்தகத்தைப் பொறுத்தது.

உங்கள் பலம் எங்களுக்குத் தெரியும். 2017 ஒக்கியில் கரை திரும்பாதவர்களின் கணக்கை வீடுவீடாக எடுத்தது கடற்கரை ஊர்களும் பங்குகளும்தான். எந்த வீட்டில் எத்தனை பேர், யார் எந்த வள்ளத்தில் என்று உங்களுக்குத்தான் தெரிந்தது. அந்த அறிவு அரசிடம் இல்லை. அதனால்தான் இந்த மடலை ஆட்சியருக்கு அனுப்பாமல் உங்களுக்கு எழுதுகிறோம்.

கேட்பது இவ்வளவுதான். நோய் காரணமாக நடந்த எதற்கும் அபராதமோ விலக்கோ போடாதீர்கள். நோயா இல்லையா என்ற சந்தேகம் வந்தால் தீர்மானத்தைத் தள்ளிவைத்து, மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் காட்டிவிட்டு வரச்சொல்லுங்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. இரவில் என்றால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அந்த எண்ணைக் கோயில் சுவரிலும் மாதா கெபி பக்கத்திலும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையிலும் எழுதிவையுங்கள்.

நேர்ச்சைக்கோ தங்குவதற்கோ குடும்பம் தானாக விரும்பிப் போனால் போகட்டும். ஆனால் எந்தத் தீர்மானத்திலும் அதை நிபந்தனையாக எழுதாதீர்கள். போகும் இடத்தில் ஐந்து விஷயத்தைக் கமிட்டி ஆள் ஒருவர் நேரில் போய்ப் பார்க்கவேண்டும்: கட்டிவைக்கிறார்களா, பூட்டுச் சாவி யார் கையில், மாத்திரை வேளாவேளைக்குக் கிடைக்கிறதா, உப்போடு சாப்பாடும் தண்ணீரும் இருக்கிறதா, சொந்த ஆள் கூடத் தங்க விடுகிறார்களா. ஒன்றில் குறை இருந்தாலும் அன்றைக்கே ஆளைத் திரும்பக் கூட்டிவாருங்கள். மாத்திரை பத்தியத்தைக் கெடுக்காது என்று சாமியாடியும் பூசாரியும் பாதிரியாரும் ஆலிமும் தங்கள் வாயால் ஒருமுறை சொன்னால், நாங்கள் பத்து முகாம் போடுவதைவிட அதிகம் நடக்கும்.

வேறு குற்றங்களுக்குத் தண்டனை போட்டே ஆகவேண்டும் என்றால் முடிவுத் தேதியை எழுதுங்கள், மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம். திரும்பி வர என்ன செய்யவேண்டும் என்பதையும் அதே பத்தியில் எழுதுங்கள். வைத்தியம், தண்ணீர், பள்ளிக்கூடம், அடக்கம் இந்த நான்கிலும் எந்தக் காலத்திலும் கை வைக்காதீர்கள். விலக்கிய வீட்டோடு பேசுகிறவருக்கு அபராதம் என்று எழுதியிருப்பதை எல்லாப் புத்தகங்களிலிருந்தும் எடுங்கள்.

மேலே சொன்ன ஊரின் செயலாளருக்குத் தனியாக: அடுத்த கூட்டத்தில் தீர்மானம் 4ஐ ரத்துசெய்து, அந்தப் பதினொரு பேரே கையெழுத்துப் போடவேண்டும். அபராதத்தில் வாங்கியது ஏதாவது இருந்தால் திருப்பிக் கொடுங்கள். பிறகு ரசீதுப் புத்தகத்தோடு யாராவது ஒருவர் அந்த வீட்டுக்குப் போய், நிலுவையில் நிற்கும் வரியை வாங்கிக்கொண்டு, தேதி போட்டு ரசீது கிழித்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
மனநலப் பணியிலும் சட்ட உதவியிலும் இருப்போர்,
நாகர்கோவில்